ஆற்றை அறிய நிலத்திலிருந்து தொடங்க வேண்டும்: நீர்ப்பிடிப்பு, மாசு குறித்த அடிப்படைச் சொற்கள்

ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தால் வரும் செய்தியில் சில சொற்கள் தவறாமல் இடம்பெறும்: கழிவுநீர், நச்சு, ஆக்சிஜன் குறைவு, பி.ஓ.டி., அனுமதிக்கப்பட்ட அளவு. வேகமாகப் படிக்கிறவருக்கு இவை எல்லாமே ‘தண்ணீர் கெட்டுவிட்டது’ என்ற ஒரே பொருளைத்தான் தருகின்றன. உண்மையில் நஞ்சால் செத்த மீனுக்கும் மூச்சுமுட்டிச் செத்த மீனுக்கும் காரணம் வேறு, பொறுப்பாளி வேறு, தீர்வும் வேறு. முதல் வகையில் ஒரு குழாயை அடைத்தால் சிக்கல் தீர்ந்துவிடலாம். இரண்டாவது வகையில் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வயல்களின் உரப் பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டிவரலாம். சொற்கள் குழம்பினால் பழி தவறான வாசலில் போய் விழும். அதனால் இந்தச் சொற்களை, மழைத்துளி பயணம் செய்யும் வரிசையிலேயே பார்ப்போம்.

நிலத்தின் பெயர்கள்

நீர்ப்பிடிப்புப் பகுதி என்றதும் பலர் மனத்தில் அணைக்குப் பின்னால் தேங்கியிருக்கும் தண்ணீர்தான் வரும். அந்தச் சொல் குறிப்பது நிலத்தை. ஓர் ஆற்றிலோ ஏரியிலோ ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கெங்கு பெய்யும் மழை கடைசியில் அந்தப் புள்ளியை வந்தடையுமோ அந்த நிலம் முழுவதும் அப்புள்ளியின் நீர்ப்பிடிப்புப் பகுதி. காடு, வயல், சாலை, வீட்டுக்கூரை, குப்பைமேடு எல்லாம் அதில் அடக்கம். புள்ளியை ஆற்றின் கீழ்ப்பக்கம் நகர்த்தினால் பகுதியும் பெரிதாகும். ஆகவே ‘இதன் எல்லை எது?’ என்று யாராவது கேட்டால், ‘எந்தப் புள்ளிக்கு?’ என்று திருப்பிக் கேட்பதுதான் சரி.

ஆறு கடலில் கலக்கும் இடத்தையே புள்ளியாக எடுத்துக்கொண்டால் கிடைக்கும் முழு நிலப்பரப்புக்கு வடிநிலம் என்று பெயர். வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் வடிநிலம் சுமார் 32 லட்சம் சதுர கிலோமீட்டர். அமெரிக்காவின் 31 மாநிலங்களும் கனடாவின் 2 மாகாணங்களும் அதில் பங்குபெறுகின்றன. ஐரோப்பாவின் டான்யூப் வடிநிலம் 19 நாடுகளில் பரவிக் கிடக்கிறது. அந்த ஆற்றின் கடைசி ஊரில் குழாயைத் திறப்பவர், அந்த நாடுகளில் மேற்புறமாக இருப்பவற்றின் மண்ணையும் சாக்கடையையும் ஓரளவு சேர்த்தே பெறுகிறார். நிர்வாக எல்லைகளுக்கும் நீரின் எல்லைகளுக்கும் உறவே இல்லை என்பது பழைய புலம்பல். ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் கொண்டுவந்த நீர்க் கட்டமைப்பு ஆணை, வடிநிலத்தையே நிர்வாக அலகாக வைத்து அதைச் சரிசெய்யப் பார்த்தது.

பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்புப் பகுதிகளைப் பிரிக்கும் உயர்ந்த கோட்டுக்கு நீர்ப்பிரிமேடு என்று பெயர். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் ஒரு மலைச்சிகரம் மூன்று வடிநிலங்கள் சந்திக்கும் இடமாக இருக்கிறது. அதன் ஒரு சரிவில் விழும் மழை பசிபிக் கடலுக்கும், இன்னொரு சரிவில் விழுவது மெக்சிகோ வளைகுடா வழியாக அட்லாண்டிக்குக்கும், மூன்றாவது சரிவில் விழுவது வடக்கே ஹட்சன் விரிகுடாவுக்கும் போகிறது. ஆனால் நீர்ப்பிரிமேடு என்றால் மலைதான் இருக்க வேண்டும் என்பதில்லை. சமதளத்தில் ஒரு சாலையின் மேடும் ரயில் பாதையின் கரையும் அந்த வேலையைச் செய்துவிடும். நகரங்களிலோ மழைநீர் வடிகால்களே எல்லையை வகுக்கின்றன. தெருவில் விழுந்த மழை, வரைபடத்தில் காட்டிய ஆற்றை விட்டு வேறொரு ஆற்றுக்குக் குழாய் வழியாகப் போய்ச் சேர்வது உண்டு. மாசு எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர் வரைபடத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவது இங்கேதான்.

கடலையே எட்டாத வடிநிலங்களும் உண்டு. பெயரில் கடலாக இருந்தாலும் உண்மையில் ஏரியான காஸ்பியன் கடல் அப்படிப்பட்ட மூடிய வடிநிலத்தில் இருக்கிறது. உள்ளே வரும் நீர் ஆவியாகித்தான் வெளியேற முடியும். உடன் வந்த உப்பும் மாசும் ஆவியாகாமல் அங்கேயே தங்கிவிடும். துணையாறு, கிளையாறு என்ற இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் வழக்கமும் இருக்கிறது. துணையாறு பெரிய ஆற்றில் வந்து சேரும், கிளையாறு அதிலிருந்து பிரிந்து போகும். ஒன்று மாசைக் கொண்டுவருகிறது, மற்றது பங்கிட்டுக்கொள்கிறது.

மழை தரையைத் தொட்ட பிறகு

தரையில் விழுந்த மழையில் ஒரு பங்கு ஆவியாகிறது, ஒரு பங்கைச் செடிகொடிகள் உறிஞ்சுகின்றன. மீதிக்கு இரண்டு வழிகள். மண்ணுக்குள் இறங்கினால் அது ஊடுருவல். இறங்க இடமில்லாமல் தரைமீதே ஓடினால் அது வழிந்தோடும் நீர். மாசைப் பொறுத்தவரை இந்த இரண்டும் வெவ்வேறு உலகங்கள். மண்ணுக்குள் இறங்கும் நீர் மெதுவாகப் போகிறது, வடிகட்டப்படுகிறது, நுண்ணுயிர்களின் கையில் சிக்குகிறது. வழிந்தோடும் நீர் எதிர்ப்படுவதை எல்லாம் அள்ளிக்கொண்டு நேராக ஓடைக்குப் போகிறது.

அளவு புரிய ஒரு சின்னக் கணக்கு. 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 1 ஹெக்டேர் தார்ப்பரப்பில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லட்சம் லிட்டர் நீர். அது ஏறக்குறைய முழுவதும் வழிந்தோடும். வண்டிகள் சிந்திய எண்ணெய், டயர் தேய்ந்த துகள், நாய்க்கழிவு, தூசு எல்லாம் அதோடு போகும். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையின் முதல் அலசல்தான் பொதுவாக மிக மோசமாக இருக்கும். நீர்ப்பிடிப்புப் பகுதியில் நீர் இறங்காத பரப்பு, அதாவது கான்கிரீட்டும் தாரும் கூரையும், சுமார் 10 விழுக்காட்டை எட்டும்போதே ஓடைகளின் நலம் குறையத் தொடங்குகிறது என்பது ஆய்வாளர்களிடையே பரவலாகப் புழங்கும் அளவுகோல்.

இறங்கிய நீர் போய்ச் சேரும் இடம் நீர்த்தாங்கி. இதைப் பூமிக்கடியில் இருக்கும் ஏரி என்று கற்பனை செய்கிறவர்கள் அதிகம். மணல் நிரப்பிய வாளியில் தண்ணீர் ஊற்றினால் அது மணலின் இடுக்குகளில் நிற்கிறதே, அந்த நிலைதான் நெருக்கமானது. பாறை வெடிப்புகளிலும் சரளை மண்ணிலும் நீர் இப்படித் தங்கி, மெல்ல நகர்கிறது. மழையில்லாத மாதங்களிலும் சில ஆறுகள் ஓடுவதற்குக் காரணம், இந்த நிலத்தடி நீர் கரைகளின் வழியாகக் கசிந்து ஊறுவதே. இதற்கு அடிப்படை ஓட்டம் என்று பெயர். எனவே நிலத்தடி நீர் மாசு, ஆற்று மாசு என்று இரண்டு தனிக் கோப்புகள் வைத்துப் பேசுவது அலுவலக வசதிக்காக மட்டுமே. வயலில் இட்ட உரத்தின் நைட்ரேட் நிலத்தடியில் இறங்கி, ஆண்டுகள் பல கழித்து ஆற்றில் தலைகாட்டும். அதற்குள் அந்த விவசாயி உரத்தைக் குறைத்திருக்கலாம். ‘குறைத்தும் பயனில்லையே’ என்று அப்போது சொல்லப்படும் முடிவு அவசர முடிவு.

குழாய் ஒன்று, வாசல் ஆயிரம்

மாசு எங்கிருந்து புறப்படுகிறது என்பதை வைத்து இரண்டு சொற்கள் உண்டு. விரலால் சுட்டிக்காட்டக்கூடிய இடத்திலிருந்து வந்தால் குறித்த மூலம்: ஆலையின் கழிவுக்குழாய், நகராட்சியின் சாக்கடை வாய். பரந்த நிலத்திலிருந்து மழையோடு வந்தால் பரவல் மூலம்: வயல், மேய்ச்சல் நிலம், தெருக்கள்.

1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்கு அருகே வேதிப்பொருள் கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. தீயை அணைக்கப் பாய்ச்சிய தண்ணீர், பூச்சிக்கொல்லிகளை அடித்துக்கொண்டு ரைன் ஆற்றில் இறங்கியது. ஆறு சிவந்தது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விலாங்கு மீன்கள் செத்தன. குறித்த மூலத்தின் கொடூரம் இது. ஆனால் இடம் தெரிந்தது, நாள் தெரிந்தது, கேட்க ஆள் இருந்தது. பரவல் மூலத்தில் அப்படி யாரும் அகப்படுவதில்லை.

சட்டங்களும் குறித்த மூலத்தின்மீதே முதலில் பாய்ந்தன. அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டு தூய நீர்ச் சட்டம் குறித்த மூலத்துக்குத் தரும் விளக்கம் சுவையானது. குழாய், வாய்க்கால், சுரங்கவழி, கிணறு, கப்பல், ரயில் பெட்டிகூட அதில் வரும். அதே விளக்கம், வயலில் இருந்து மழையோடு வழியும் நீரையும் பாசனத்திலிருந்து திரும்பும் நீரையும் விட்டுவிடுகிறது. இந்த விலக்குகள் பிற்பாடு திருத்தங்களில் சேர்க்கப்பட்டவை. குழாய்களைப் பெருமளவு கட்டுப்படுத்திய பிறகும் பல ஆறுகள் தேறாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. ரயில் பெட்டி வரைக்கும் யோசித்தவர்களுக்கு வயல் தெரியாமல் போயிருக்காது, அரசியல்தான்.

அளந்து போடு

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்ற பழமொழியைச் சுற்றுச்சூழல் ஆய்வகத்தின் வாசலில் எழுதி வைக்கலாம். மாசைப் பற்றிய வாதங்களில் பாதி, எதை அளந்தோம் என்பதில் தெளிவில்லாததால் வருகின்றன.

செறிவு என்றால் ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம். சுமை என்றால் ஒரு நாளில் ஆறு மொத்தம் எத்தனை கிலோ சுமந்து செல்கிறது. நொடிக்கு 1 கன மீட்டர் ஓடும் சிற்றாற்றில் ஒரு மாசின் செறிவு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்குச் சுமை 864 கிலோ. பக்கத்தில் வெள்ளப்பெருக்கோடு நொடிக்கு 50 கன மீட்டர் ஓடும் ஆற்றில் செறிவு 2 மில்லிகிராம்தான். சுமையோ 8,640 கிலோ. செறிவில் ஐந்தில் ஒரு பங்கு, சுமையில் பத்து மடங்கு. குடிக்கிறவருக்கும் ஆற்று மீனுக்கும் செறிவு முக்கியம். கீழே காத்திருக்கும் ஏரிக்கும் கடலுக்கும் சுமை முக்கியம். ‘நீர்த்துப்போய்விட்டது, கவலையில்லை’ என்று சொல்கிறவர் செறிவைப் பற்றி மட்டும் பேசுகிறார்.

அலகுகளிலும் ஒரு பொறி இருக்கிறது. குடிநீரில் நைட்ரேட்டுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அமெரிக்க வரம்பு 10. அமெரிக்கா ஐந்து மடங்கு கண்டிப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். முதல் எண் நைட்ரேட் முழுவதையும் எடை போடுகிறது. இரண்டாவது அதிலுள்ள நைட்ரஜனை மட்டும். நைட்ரஜனாக 10 என்றால் நைட்ரேட்டாகச் சுமார் 44. இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அறிக்கையில் வெறுமனே ‘நைட்ரேட் 30’ என்று இருந்தால்? ஒரு முறைப்படி வரம்புக்குள், மற்றொரு முறைப்படி வரம்பைப்போல் மூன்று மடங்கு.

வீடுகளில் அதிகம் அடிபடும் டி.டி.எஸ். என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வரி. அது கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவைத்தான் சொல்லும். அவை எவை என்று சொல்லாது. உலகச் சுகாதார நிறுவனம் ஆர்செனிக்குக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல் பல மடங்கு ஆர்செனிக் இருந்தாலும் டி.டி.எஸ். மீட்டர் அசையாது.

மூச்சுமுட்டும் ஆறு

மீனுக்குத் தேவையானது நீரில் கரைந்த ஆக்சிஜன். 20 பாகை செல்சியஸில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 பாகையில் 7.5 அளவுக்குக் குறைந்துவிடும். கோடையில் மீன் சாவுகள் கூடுவதற்கு இது ஒரு காரணம். ஆலை வெளியேற்றும் சூடான நீர், எந்த வேதிப்பொருளும் கலக்காமலே மாசாகக் கருதப்படுவதும் இதனால்தான்.

கழிவுநீரிலுள்ள உயிர்மப் பொருளை, அதாவது உயிர்களிலிருந்து வந்த அழுகக்கூடிய பொருளை, நுண்ணுயிர்கள் தின்று சிதைக்கும்போது இந்த ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. எவ்வளவு செலவாகும் என்பதே உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி. சோதனை மிக எளிமையானது. மாதிரி நீரின் ஆக்சிஜனை அளந்து, குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி மூடி, 20 பாகையில் இருட்டில் 5 நாள் வைத்து, மறுபடி அளக்க வேண்டும். 8 இருந்தது 3 ஆகியிருந்தால் பி.ஓ.டி. 5. இருட்டு எதற்கு? வெளிச்சம் பட்டால் குப்பிக்குள் இருக்கும் பாசி ஆக்சிஜனை உற்பத்தி செய்து கணக்கைக் கெடுத்துவிடும். சாக்கடை நீரின் பி.ஓ.டி. 200க்கு மேல் போகும். 9 மில்லிகிராம்தான் கரையும் என்றால் 200 எப்படிச் செலவாகும் என்ற சந்தேகம் நியாயமானது. மாதிரியைத் தூய நீரில் பல மடங்கு நீர்த்து, சோதித்து, பிறகு பெருக்கிச் சொல்கிறார்கள். இந்தியாவில் 27 பாகையில் 3 நாள் என்ற முறையும் வழக்கில் இருப்பதால், இரண்டு அறிக்கைகளை ஒப்பிடும்முன் எத்தனை நாள் சோதனை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

‘ஆற்றில் பி.ஓ.டி. கலந்தது’ என்று எழுதுவது பிழை. அது ஒரு பொருள் இல்லை, ஒரு பசியின் அளவு. இதன் உடன்பிறப்பான சி.ஓ.டி., அதாவது வேதி ஆக்சிஜன் தேவை, நுண்ணுயிர்களுக்குப் பதிலாக வீரியமான வேதிப்பொருளைக் கொண்டு சில மணி நேரத்தில் அளக்கப்படுவது. சி.ஓ.டி. மிக உயர்ந்து பி.ஓ.டி. தாழ்ந்திருந்தால், நுண்ணுயிர்கள் தொடாத, பெரும்பாலும் ஆலையிலிருந்து வந்த கழிவு அந்த நீரில் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

கழிவு விழும் இடத்திலேயே ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அப்படி நடப்பதில்லை. நுண்ணுயிர்கள் பெருகித் தின்னத் தொடங்க நேரமாகும். அதற்குள் நீர் நகர்ந்துவிடும். ஒருபக்கம் ஆக்சிஜன் செலவாக, மறுபக்கம் காற்றிலிருந்து புது ஆக்சிஜன் கரைந்துகொண்டிருக்கும். இந்த இழுபறியில் ஆக்சிஜன் படிப்படியாகச் சரிந்து, கழிவு விழுந்த இடத்திலிருந்து பல கிலோமீட்டர் கீழே அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மெல்ல ஏறும். அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் இருவரும் 1925இல் இந்தச் சரிவுக்குச் சமன்பாடு கொடுத்தார்கள். மீன்கள் மிதக்கும் இடத்துக்கு எதிரே ஓர் ஆலை இருக்கிறது என்பதற்காகவே அதன்மீது பாய்வதற்குமுன், ஆற்றின் வேகத்தையும் தொலைவையும் கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

ஊட்டம் மிஞ்சினால்

நைட்ரஜனும் பாஸ்பரஸும் செடிகளுக்கு உணவு. அவை நீரில் மிஞ்சினால் பாசி பெருகி, செத்து, அடியில் விழுந்து அழுகும். அழுகலைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைக் காலிசெய்யும். இதற்கு மிகையூட்டமாதல் என்று பெயர். இந்த நீரில் நஞ்சு எதுவும் ஊற்றப்பட்டிருக்காது, உரம்தான் வந்திருக்கும்.

ஏரிகளைப் பச்சையாக்குவது எந்த ஊட்டச்சத்து என்பதில் 1960களில் கடும் சண்டை நடந்தது. சலவைத்தூளிலிருந்த பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் சேர்மத்தின் எதிர்காலமே அந்த விடையில் தொங்கியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ‘226’ என்று எண்ணிடப்பட்ட ஏரியை 1973இல் டேவிட் ஷிண்ட்லரின் குழு நடுவில் ஒரு திரையிட்டுப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் இட்டார்கள். பாஸ்பரஸ் இட்ட பாதி மட்டும் பச்சையாகிவிட்டது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்த பிறகு ஏரிகளைப் பொறுத்தவரை வாதாட அதிகம் மிஞ்சவில்லை. கடலோர நீரில் நைட்ரஜனும் சமமாகவோ கூடுதலாகவோ பொறுப்பேற்கும்.

இரண்டும் பயணம் செய்யும் விதமும் வேறு. பாஸ்பரஸ் மண்துகளைப் பற்றிக்கொண்டு வரும். ஆகவே அது கலங்கல் நீரோடு, அரிப்போடு வரும். கரையோரத்தில் புல்லும் மரமும் அடர்ந்த ஒரு பட்டையை விட்டுவைத்தால் கணிசமாகத் தடுக்கலாம். நைட்ரேட் நீரில் கரைந்து நிலத்தடி வழியே வரும். வேர்கள் எட்டாத ஆழத்தில் அது போகும்போது அந்தப் பட்டையால் பெரிய பயன் இராது.

மிசிசிப்பி ஆறு தன் வடிநிலத்திலிருந்து சுமந்துவரும் உரச்சுமை மெக்சிகோ வளைகுடாவில் இறங்குகிறது. கோடையில் கனமான உப்புநீர்மீது இலேசான ஆற்றுநீர் ஒரு மூடிபோல் படர்வதால் அடிநீருக்குக் காற்று எட்டுவதில்லை. ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்குக் கீழே போன பரப்பை இறந்த மண்டலம் என்கிறார்கள்; 2017இல் அது 22,720 சதுர கிலோமீட்டராக அளக்கப்பட்டது. நன்னீரில் வேறொரு தொல்லை. நீலப்பச்சைப் பாசிகளில் சில நஞ்சு சுரப்பவை. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியின் நீரை நம்பியிருந்த அமெரிக்காவின் டொலிடோ நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் 4 லட்சம் பேருக்குமேல் குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. அந்த நஞ்சு கொதிக்க வைத்தால் போவதில்லை. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.

போகாமல் தங்குபவை

சாக்கடையின் உயிர்மப் பொருள் சிதைந்துபோகும். பாதரசம் போன்ற உலோகங்கள் சிதையவே சிதையா. ஓர் உயிரி தன் வாழ்நாளில் உடலுக்குள் நஞ்சைச் சேர்த்துக்கொண்டே போவது உயிர்த்திரட்சி. சிறு உயிரியைத் தின்னும் பெரிய உயிரி, அதைத் தின்னும் இன்னும் பெரியது என்று உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் செறிவு கூடுவது உயிர்ப்பெருக்கம். இரண்டையும் பாடநூல்கள் பலவாறாகப் பெயரிடுகின்றன. எப்பெயராயினும், முதலாவது ஓர் உடலுக்குள் நடப்பது, இரண்டாவது உடல்களுக்கு இடையில் நடப்பது.

ஜப்பானின் மினமாட்டாவில் நடந்தது இரண்டும் சேர்ந்தது. ஒரு வேதியியல் ஆலை மெத்தில் பாதரசத்தை விரிகுடாவில் விட்டது. மீன் தின்ற பூனைகள் தள்ளாடிச் செத்தன. 1956இல் மனிதர்களிடம் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆலை பாதரசத்தை விடுவது நின்றது 1968இல். அதற்குள் பாதரசம் விரிகுடாவின் அடிப்படிவில், அதாவது அடியில் படிந்த சேற்றில், இறங்கிவிட்டிருந்தது. மாசுபட்ட மீன் வெளியே போகாதிருக்க 1974இல் விரிகுடாவின் வாயில் வலை கட்டினார்கள். 1977 முதல் 1990 வரை சேற்றைத் தூர்வாரி, மூடி, 58 ஹெக்டேர் புதுநிலமாக்கினார்கள். வலையை எடுத்தது 1997இல். உலோகமோ பூச்சிக்கொல்லியோ சந்தேகிக்கப்படும் இடங்களில் நீர் மாதிரியோடு அடிப்படிவின் மாதிரியையும் மீனின் தசையையும் சோதிக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான். நீரில் மட்டும் தேடினால் ‘கண்டறியப்படவில்லை’ என்றே அறிக்கை வந்துகொண்டிருக்கும்.